ஒரு விட்ஸ், இரண்டு ஹெட்லைற், மூன்று கோளாறு

2024 ஒக்டோபரில் என் கைக்கு வந்த கார் இது. 2007 ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ், வெள்ளி நிறம். உரிமையாளர் கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் உள்ள ஓர் ஒழுங்கையில் தனியாக இருக்கும் 72 வயது அன்ரி. அவர் லைற்றைப் பற்றி எந்த முறைப்பாடும் சொல்லவில்லை. போனில் கேட்டது இதுதான்: "தம்பி, இந்தக் காரை ஆருக்கும் வித்துத் தரேலுமோ? இரவில ஓட எனக்குக் கண் காணுதில்லை."

வெள்ளிக்கிழமை தவறாமல் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போய் வருபவர். கொழும்பில் வருடம் முழுக்கப் பொழுது படுவது ஏறத்தாழ ஆறு, ஆறரைக்குள். பூசை முடிந்து திரும்பும்போது நல்ல இருட்டாகிவிடும். இரண்டு கண்ணிலும் வெண்புரை ஒப்பரேஷன் முந்தின வருடமே முடிந்திருந்தது. கண் நன்றாக இருக்கிறது என்று டொக்டர் சொல்லியும் இவருக்கு நம்பிக்கை வரவில்லை. மழை நாளில் ரோட்டின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை என்றார். ஒருநாள் மரைன் டிரைவில் கறுப்புச் சட்டையோடு நடந்து போனவரைக் கடைசி நேரத்தில்தான் கண்டாராம். அதன் பிறகு காரை வெளியே எடுப்பதே குறைந்துவிட்டது.

விற்பதற்கு முன் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று போனேன். நான் தெஹிவளைப் பக்கம் ஒரு சிறிய கராஜில் பெயின்ற் வேலை செய்பவன். ஹெட்லைற் தெளிவாக்குவது நான் தனியாக எடுத்துச் செய்யும் வேலை. கேற்றைத் திறந்ததுமே பாதி விஷயம் விளங்கிவிட்டது. இடது பக்க லைற் மார்கழி மாதத்து நெய்ப் போத்தல் மாதிரி மஞ்சளாக உறைந்து கிடந்தது. வலது பக்கம் அவ்வளவு மஞ்சள் இல்லை. ஆனால் உள்ளுக்குள் பனிப்புகார் படிந்து, அடியில் இரண்டு மூன்று நீர்த்துளிகள் நின்றன.

"இது போன மாசிதான் பொலிஷ் பண்ணினது தம்பி. அப்ப பளபளவெண்டு இருந்தது," என்றார் அன்ரி. கார் கழுவும் இடம் ஒன்றில், கழுவும்போதே கொம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் தெளிவாக இருந்து, பிறகு முன்னையதைவிட மோசமாகி விட்டது. அதற்கு முன் பற்பசையாலும் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கனடாவில் இருக்கும் பேரன் ஒரு வீடியோ அனுப்பி, நுளம்புக்குப் பூசும் மருந்தைத் தேய்த்தால் உடனே போய்விடும் என்று சொல்லியிருக்கிறான். நல்லகாலம், அது இன்னும் நடக்கவில்லை. நுளம்பு மருந்தில் இருக்கும் டீட் என்ற பொருள் இந்தப் பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைத்து இளக்கிவிடும். இளகியது கீறல்களை நிரப்பும்போது ஒரு கணம் தெளிந்த மாதிரித்தான் தெரியும். பிறகு ஒட்டும், வெடிக்கும், திரும்பவும் மங்கும். வீடியோவில் அந்த ஒரு கணம் மட்டும்தான் வரும்.

"அங்கிளின்ர மொரிஸ் மைனர் முப்பது வருசம் நிண்டுது. அதின்ர லைற் ஒருநாளும் இப்பிடி மஞ்சளாகேல்லையே?" என்று அன்ரி கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் காரின் லைற்றுக்கு முன்னால் இருந்தது உண்மையான கண்ணாடி. அதைச் சுத்தியலால்தான் கெடுக்கலாம், வெயிலால் முடியாது. இப்போது வருவது பொலிகார்பனேற் என்ற பிளாஸ்ரிக். 1953 இல் ஜேர்மனியில் பேயர் கம்பனியில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டானியல் ஃபொக்ஸும் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் 1940 முதல் ஒரே அளவான கண்ணாடி லைற்தான் சட்டம். 1983 இல் அந்தச் சட்டம் தளர்ந்து, அடுத்த வருட மொடலாக வந்த லிங்கன் மார்க் 7 காரோடு பிளாஸ்ரிக் முகம் உள்ளே வந்தது. பாரம் குறைவு, கல் பட்டால் உடையாது, காரின் மூக்கு எப்படி வளைந்தாலும் அதற்கேற்ப வார்க்கலாம். குறை ஒன்றுதான். வெயிலின் புறஊதாக் கதிரைப் பொலிகார்பனேற்றால் தாங்க முடியாது. அதனால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் ஒரு கடினமான, நிறமில்லாத பூச்சு அடித்து அனுப்புகிறார்கள். தடிப்பு சில மைக்ரோன்தான். அந்தப் பூச்சு நிற்கும்வரை லைற் கண்ணாடி மாதிரி இருக்கும். அது செத்த பிறகு கீழே இருக்கும் பிளாஸ்ரிக்கின் மூலக்கூறுகள் வெயிலில் மாறி மஞ்சளாகும், நுண்ணிய வெடிப்புகள் விழும், ரோட்டு மணல் அதை அரிக்கும்.

முதல் பொலிஷ் ஏன் மூன்று மாதத்தில் தோற்றது என்பதற்கும் இதுதான் காரணம். கொம்பவுண்ட் அழுக்கை மட்டும் எடுக்கவில்லை. மிச்சம் இருந்த பூச்சையும் சேர்த்து எடுத்து, பிளாஸ்ரிக்கை அம்மணமாக வெயிலில் நிறுத்திவிட்டது. கார் கழுவுபவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஐம்பது காருக்கு நடுவில் அரை மணித்தியாலத்தில் செய்யும் வேலை அவ்வளவுதான். ஆனால் தெளிவாக்குவது வேறு, தெளிவை நிற்க வைப்பது வேறு. வாடிக்கையாளர் பார்ப்பது முதலாவதை மட்டும் என்பதால் இரண்டாவதை எவரும் காசாக்குவதில்லை.

நோயைப் பிரித்துப் பார்த்தது

வெளியே மங்கலா, உள்ளே மங்கலா என்று அறிய ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். லைற்றின் மேல் தண்ணீரை ஊற்றி, ஈரமாக இருக்கும்போது பார்க்க வேண்டும். இடது பக்கம் தண்ணீர் பட்டதும் பாதிக்கு மேல் தெளிந்தது. கீறல்களுக்குள் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீரின் ஒளிமுறிவுச் சுட்டி 1.33, பொலிகார்பனேற்றினுடையது சுமார் 1.58. காற்றுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இது நன்றாகக் குறைவு என்பதால் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. காயும்போது திரும்ப மங்கினால் கோளாறு வெளிமேற்பரப்பில். அதைச் சரிக்கட்டலாம். வலது பக்கம் தண்ணீர் ஊற்றியும் புகார் அப்படியே நின்றது. அங்கே நூறு உரசும் கடதாசி போட்டுத் தேய்த்தாலும் பிரயோசனமில்லை.

இரண்டு பக்கமும் ஒரே கார், ஒரே வயது. ஏன் வித்தியாசம்? ஒழுங்கையில் கார் நிற்கும் விதத்தைப் பார்த்தால் தெரியும். மூக்கு கடலைப் பார்த்தபடி, அதாவது மேற்கே. பின்நேரம் இரண்டு மணியிலிருந்து பொழுது படும்வரை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கடற்காற்றின் உப்பும் அதே பக்கத்தால்தான் வரும். வலது பக்கத்துக்கு மட்டும் அயல்வீட்டு ஜம்பு மரத்தின் நிழல் இருக்கிறது. பதினைந்து வருடம் இலங்கை வெயிலில் அந்த நிழல் ஒரு பூச்சுக்குச் சமம்.

வலது லைற்றின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தபோது அதன் கதை வெளிவந்தது. பல்ப்பைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் மூடி அங்கே இல்லை. ஹலோஜன் பல்ப் இருந்த இடத்தில் பின்னால் விசிறி வைத்த எல்ஈடி பல்ப் ஒன்று. பழைய பல்ப் எரிந்து போன இரவில் காலி வீதியில் ஒரு கடையில் மாற்றியிருக்கிறார். எல்ஈடி சோடியாகத்தான் வரும். மற்றது இடது பக்கம் இடம் போதாமல் ஏறவில்லை என்று பெட்டியோடு டாஷ்போர்ட் அறைக்குள் கிடந்தது. விசிறி மூடியில் இடித்ததால் மூடியைக் கழற்றிவிட்டு அப்படியே பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

லைற் பெட்டி மூச்சுவிடும் பொருள். எரியும்போது உள்ளே காற்று சூடேறி வெளியே போகும், அணைத்ததும் குளிர்ந்து வெளிக்காற்றை இழுக்கும். அதற்கென்றே சிறு துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். மூடி இல்லாத வாயால் கொழும்பின் ஈரக்காற்றும், மழையில் சில்லு அள்ளித் தெறிக்கும் தண்ணீரும் தாராளமாக உள்ளே போகும். ஹலோஜன் என்றால் அதன் வெக்கையே கொஞ்சம் உலர்த்திவிடும். எல்ஈடியின் சூடு பின்பக்கம் போகிறது, முன்முகம் குளிராகவே நிற்கிறது. போன ஈரம் போகவே இல்லை.

இந்த எல்ஈடியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். விட்ஸ் லைற்றுக்குள் ஒளியை முன்னே திருப்பும் தெறிப்புக் கிண்ணம், எச்4 என்ற வகை ஹலோஜன் பல்ப்பின் இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைத்தது. இழை இருந்த இடத்தில் எல்ஈடியின் ஒளிப்பொட்டுகள் வந்தால் ஒளி கண்டபாட்டுக்குத் தெறிக்கும். எதிரே வருபவருக்குக் கண் கூசும், ஓட்டுபவருக்கோ ரோட்டில் குறைவு. பார்க்க வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் கூடியதாக ஒரு மயக்கம். காலி வீதியில் இரவு ஓடுபவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாற்றுவதா, திருத்துவதா

பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் விட்ஸ் லைற் கிடைக்காமல் போகாது. ஜப்பானிலும் இடது பக்கமே வாகனம் ஓடுவதால், அங்கிருந்து கழற்றி வருபவை நம் ரோட்டுக்குச் சரியான பக்கம் வெளிச்சம் தரும். வலது பக்கம் ஓடும் நாட்டிலிருந்து வந்ததைத் தவறுதலாக வாங்கினால் ஒளி எதிரே வருபவர் முகத்தில் ஏறும். ஆனால் கழற்றி வந்ததும் இதே வயதுப் பிளாஸ்ரிக்தான். கடையில் பளபளப்பாக்கி வைத்திருந்தால் அதன் பூச்சு உயிரோடு இருக்கிறதா என்று கடைக்காரருக்கும் தெரியாது. நான் பார்த்த சோடியில் ஒன்றின் கிண்ணம் உள்ளே கருகி இருந்தது, யாரோ 100 வாட் பல்ப் போட்டிருக்க வேண்டும். புதிய கொப்பி லைற்றும் உண்டு. அன்ரி விலையைக் கேட்டுவிட்டு, "அப்ப விக்கிறதுதான் சரி" என்றார். வெளிமுகம் வெடிக்கவில்லை, கிண்ணம் கருகவில்லை. திருத்துவது என்று முடிவு.

2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றுபோன நாட்டில் இப்படி முடிவெடுப்பது புதினமில்லை. புதிதாக வராதபோது, இருப்பதைத்தான் எல்லோரும் உரசிக்கொண்டிருந்தோம்.

வேலை

ஒக்டோபர் என்றால் பின்நேரம் இடிமழை நிச்சயம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மத்தியானத்துக்குள் பூச்சு காய வேண்டும் என்று கணக்குப் போட்டேன். முதல் நாள் இரண்டு லைற்றையும் கழற்றினேன். வலதை உள்ளே வடித்த தண்ணீரால் கழுவி, வாயைக் கீழே பார்க்கவிட்டு, சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு நாள் காயவிட்டேன். தெறிப்புக் கிண்ணத்தைத் துணியால் துடைக்கக் கூடாது. அதன் அலுமினியப் படலம் விரலோடு வந்துவிடும்.

இடதில்தான் பிழை விட்டேன். பழைய பூச்சு ஏறக்குறைய இல்லை என்று நினைத்து 1000 ஆம் நம்பர் தண்ணீர்க் கடதாசியில் (ஈரத்தோடு உரசும் கடதாசி) தொடங்கினேன். இருபது நிமிடம் தேய்த்துத் துடைத்துப் பார்த்தால், மேல் ஓரத்தில் தீவு தீவாகப் பழைய பூச்சு நிற்கிறது. நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. இந்தத் தீவுகளின் மேல் புதுப் பூச்சு அடித்தால் அவற்றின் கரை கோடு கோடாகத் தெரியும், அங்கிருந்துதான் உரியவும் தொடங்கும். திரும்பி, அதைவிடக் கரடான 600 க்கு இறங்கினேன். அதில்தான் பூச்சு முழுதாக வந்தது. வருகிறதா என்று பார்ப்பதற்குக் கண்ணைவிடத் தண்ணீர் நல்லது. பழைய பூச்சும் மஞ்சள் பிளாஸ்ரிக்கும் தேயும்போது வழியும் நீர் மஞ்சளாக இருக்கும். அடியில் நல்ல பிளாஸ்ரிக் வந்ததும் அது பால் வெள்ளையாக மாறும். மாறிய பிறகும் அதே நம்பரில் நின்றால் வீணாகக் குழி தோண்டுவதாகும்.

பிறகு 800, பிறகு 1000. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தின கீறல் போனதா என்று குறுக்கே பார்த்தே அறியலாம். சவர்க்காரத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த நேரத்தில் அன்ரி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தார். லைற் இரண்டும் பனி படிந்த ஜன்னல் மாதிரி முழு வெள்ளை. "ஐயோ தம்பி, இருந்ததையும் பழுதாக்கிப் போட்டீரோ?" என்றார். எல்லா வாடிக்கையாளரும் இந்தக் கட்டத்தில்தான் வருவார்கள். தண்ணீரை ஒரு கை தெளித்துக் காட்டினேன், தெளிந்தது, காய்ந்ததும் மங்கியது. "பூச்சு அடிச்சா இந்தத் தண்ணி நிரந்தரமா நிக்கிற மாதிரி" என்று சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை, ஆனால் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

இங்கேதான் பலர் 2000, 3000 என்று ஏறி, மெஷினில் பொலிஷ் போட்டு, கண்ணாடியாக்கி, அதன்மேல் மெழுகைத் தடவி முடிப்பார்கள். மேலே லாக்கர் என்ற நிறமில்லாத பூச்சு அடிக்கப் போகிறவர் அப்படிச் செய்யத் தேவையில்லை, செய்யவும் கூடாது. 1000 இன் கீறல்தான் லாக்கர் பிடிக்க இடம். ஈரமான லாக்கர் அந்தக் கீறலை நிரப்பித் தானே தெளிவைக் கொடுத்துவிடும். பொலிஷ் போட்ட வழுக்கலில் அது பிடிக்காது, ஆறு மாதத்தில் தோலாக உரியும்.

துடைக்க ஐசோபுரோப்பைல் அல்கஹோல் மட்டும் எடுத்தேன். தின்னரோ அசிற்றோனோ பட்டால் பொலிகார்பனேற் உள்ளுக்குள் சிலந்தி வலையாக வெடிக்கும். அதை எந்தக் கடதாசியாலும் எடுக்க முடியாது. பிறகு புறஊதாக் கதிரைத் தாங்கும் டூ-கே லாக்கர், கடினமாக்கி கலந்தது. முதல் கோட் தூவல் மாதிரி மிக மெல்லிசு, பத்து நிமிடம், அடுத்தது கொஞ்சம் ஈரம், மூன்றாவது நல்ல ஈரம். முதல் கோட்டிலேயே தடிப்பாக அடித்தால் லாக்கரின் சொந்தக் கரைப்பானே பிளாஸ்ரிக்கைக் கடிக்கும். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற் இருக்கிறது. மருந்துக் கடை நீல முகமூடி அதற்குக் காணாது, ஆவி வடிகட்டும் உறை உள்ள முகமூடி வேண்டும். அன்ரியின் வீட்டுப் போர்ட்டிக்கோவில் அடிக்காமல் லைற்றைக் கழற்றிக் கராஜுக்குக் கொண்டு போனதற்குப் பாதிக் காரணம் இது. மற்றப் பாதி, ஒழுங்கையில் பறக்கும் தூசி.

மூன்றாவது கோட் விழுந்ததும் பனி ஜன்னல் உருகிப் போனது. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத நிமிடம் அது. இரண்டரைக்கு மழை கொட்டியது. லைற் இரண்டும் உள்ளே மேசையில் காய்ந்துகொண்டிருந்தன.

மூன்றாவது கோளாறு

வலதுக்குப் புதிய ரப்பர் மூடி, இரண்டு பக்கமும் புதிய 60/55 வாட் ஹலோஜன் பல்ப். பூட்டிவிட்டு இரவில் கராஜ் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, போனின் ஒளிமானியைச் சுவரில் பிரகாசமான புள்ளியில் வைத்தேன். போன் மானி துல்லியமில்லை. ஆனால் அதே போன், அதே இடம் என்றால் ஒப்பிடலாம். வேலைக்கு முன் இடது 95 லக்ஸ் காட்டியது, இப்போது 390. ஏறக்குறைய நாலு மடங்கு. அமெரிக்காவின் ஏஏஏ மோட்டார் சங்கம் 2018 இல் செய்த சோதனையில், மங்கிப்போன லைற் புதியதின் 20 வீத வெளிச்சத்தையே தருகிறது என்றும், திருத்தினால் சுமார் 70 வீதம் வருகிறது என்றும் கண்டார்கள். என் கணக்கும் அந்தப் பக்கமாகவே நின்றது.

வலது 280 தான் காட்டியது. முகம் சுத்தம், பல்ப் புதிது, கிண்ணம் நல்லது. பிறகு ஏன்?

எஞ்சின் ஓட பற்றரி முனையில் 14.1 வோல்ட். இடது பல்ப்பில் 13.6. வலதில் 12.5. ஹலோஜன் பல்ப்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேராகக் குறைவதில்லை, அதைவிட மூன்று மடங்கு வேகத்தில் விழும். வோல்ட் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது வீதம் போகும். வலது லைற்றின் எர்த் வயர் காரின் இரும்பு உடலில் பூட்டிய இடத்தைக் கழற்றினால் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. கடலுக்குக் கிட்ட நிற்கும் காருக்கு இது அட்டைக்கடி மாதிரி, தெரியாமலே உறிஞ்சும். சுரண்டி, புது வளையம் அழுத்தி, கிரீஸ் பூசிப் பூட்டினேன். 13.7 வோல்ட். சுவரில் 380.

இந்த எர்த் மட்டும் பிடிபடாமல் போயிருந்தால், திருத்தியும் ஒரு பக்கம் மங்கல் என்று அன்ரி சொல்லியிருப்பார், நான் என் லாக்கரைச் சந்தேகித்துத் திரும்பத் தேய்த்திருப்பேன். அதன் பிறகு மானி இல்லாமல் எந்த லைற்றையும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை.

கடைசியாக உயரம் சரிபார்த்தேன். கழற்றிப் பூட்டினால் உயரம் மாறும். சுவரில் ஒளியின் வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சம் முடிந்து இருட்டுத் தொடங்கும் கோடு, லைற்றின் நடுவைவிட 5 மீட்டரில் 5 சென்ரிமீட்டர் கீழே, இடது பக்கம் மட்டும் சரிந்து ஏற வேண்டும். தெளிந்த லைற்றை உயரமாக விட்டால் முந்தின மங்கலைவிட அது ஊருக்குக் கெடுதல்.

எட்டு மாதத்தின் பின்

2025 ஜூனில் காரைத் திரும்பப் பார்த்தேன். வாகன இறக்குமதி அந்த வருடம் பெப்ரவரியில் திறந்துவிட்டது, ஆனால் விலையைக் கேட்ட யாரும் பழையதைக் கைவிடவில்லை. வலது லைற் உள்ளே உலர்ந்தபடி. இடது தெளிவு, மஞ்சள் இல்லை. ஆனால் கீழ் ஓரத்தில், பம்பரோடு சேரும் இடத்தில், விரல் நகமளவு லாக்கர் எழும்பத் தொடங்கியிருந்தது. கைக்கு எட்டாத அந்த மடிப்பில் 600 ஆல் தேய்க்காமல் 1000 ஆல் மட்டும் போய்விட்டேன் என்பது நினைவு வந்தது. தீவு என்று மேலே சொன்னேனே, அதில் ஒன்று தப்பியிருக்கிறது. அந்த ஓரத்தை மட்டும் திரும்ப எடுத்து அடிக்க வேண்டும். என் செலவில்.

அன்ரி காரை விற்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அவரே காரை ஓட்டிப் போகிறார். நான் சொன்னபடி இப்போது காரை மூக்கு கிழக்கே பார்க்க நிறுத்துகிறார். அதற்கு ஒழுங்கை முழுக்க ரிவர்ஸில் வர வேண்டியிருக்கிறது. "லைற்றைத் திருத்தினீர், சரி தம்பி. கழுத்தைத் திருப்பித் திருப்பி இப்ப அது நோகுது. அதுக்கு ஆரிட்டப் போறது?" என்று கேட்டார்.